நட்சத்திர யாத்திரை சாத்தியமா?

2016ஆம் வருஷம் ஏப்ரல் 12ஆம் தேதி நியூயார்க் நகரில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. ரஷ்யாவில் பிறந்த தனவந்தர் யூரி மில்னரும், காலஞ்சென்ற பௌதிக மேதை ஸ்டீபன் ஹாக்கிங்கும் மேடையில் கூடி வெளியிட்ட அந்த அறிவிப்பின் சாரம் இதுதான்: சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகிலுள்ள ஆல்பா சென்டாரி நட்சத்திரக் கூட்டத்துக்குச் சில கிராம் எடையே உள்ள கலங்களை அனுப்புவது, அவற்றை ராக்கெட்டினால் அன்றி, பூமியிலிருந்து வீசும் லேசர் ஒளியினால் தள்ளுவது, ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தை அளித்து, இருபது வருஷத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் அங்கே சேர்ப்பது. பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட் என்று பெயரிட்ட அம்முயற்சியின் ஆராய்ச்சிக்குப் பத்துக் கோடி டாலர் தருவதாகவும் சொன்னார்கள். அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில், அக்கூட்டத்தைச் சேர்ந்த பிராக்ஸிமா என்னும் சிறு நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கிரகம் உண்டு என்ற செய்தியும் வந்தது.

இதைக் கேட்டுச் சிலர் கைகொட்டிச் சிரித்தனர். சிலர் நாளைக்கே புறப்படலாம் என்று மனப்பால் குடித்தனர். இரண்டும் தகாது என்பது நமது அபிப்பிராயம். இது கூடுமா, கூடாதா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கூடுமானால் அதில் இந்தியாவுக்கு இடம் உண்டா என்பதையும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க நாஞ்சில் நாட்டாருக்குத் தனி உரிமை உண்டு.

முதலில் ராக்கெட்டின் எல்லையைப் பார்ப்போம். நாஞ்சில் நாட்டின் எல்லையை ஒட்டி நிற்கிறது மகேந்திரகிரி. அனுமன் கடலைத் தாவிய மலை என்று மக்கள் வழங்கும் அந்த மலையின் அடிவாரத்தில், திருநெல்வேலி மாவட்டத்தில், இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. 2023ஆம் வருஷம் சந்திரயான்-3ஐச் சுமந்து சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினைச் சோதித்துத் தேற்றிய இடம் அதுவே. இருபது டன் அளவுக்கு உந்தவல்ல எஞ்சின் அது. ஆயினும் அத்தகைய எஞ்சின் கக்கும் ஆவியின் வேகம் வினாடிக்கு நாலரைக் கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றாலோ வினாடிக்கு 60,000 கிலோமீட்டர். பிரபஞ்சத்திலுள்ள பொருள் அனைத்தையும் எரிபொருளாக்கினாலும் இந்த வகை எஞ்சினால் ஓர் அணுவைக்கூட அவ்வேகத்துக்குக் கொண்டுபோக இயலாது. 1977இல் புறப்பட்ட வாயேஜர்-1 வினாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ஆல்பா சென்டாரியின் தூரத்தைக் கடக்க அதற்கு எழுபதாயிரம் வருஷத்துக்கு மேலாகும். எரிபொருளைச் சுமந்து செல்லும் வரையில் நட்சத்திர யாத்திரை இல்லை, இது திண்ணம்.

எரிபொருளைச் சுமக்காமலே போவது எப்படி? ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றும், முப்பந்தலில் அக்காற்றால் சுழலும் ஆலைகளும், குளச்சல், முட்டம் கடற்கரைகளில் பாய் விரித்துப் போன வள்ளங்களும் அறியாதவர் நாஞ்சில் நாட்டில் இல்லை. பாய்மரம் தன் சக்தியைத் தன்னோடு எடுத்துச் செல்வதில்லை, வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. ஒளிக்கும் காற்றைப் போல் தள்ளும் சக்தி உண்டு. மாக்ஸ்வெல் 1873இல் இதைக் கணக்கால் காட்டினார்; லெபடேவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சோதனையால் நிரூபித்தார். அந்தச் சக்தி மிகமிகச் சிறிது. பூமிக்கு வெளியே ஒரு சதுர மீட்டர் கண்ணாடியின்மேல் விழும் வெயில், ஒரு மில்லிகிராம் எடைக்கும் சற்றுக் குறைவாகவே அதை அழுத்தும். ஆனாலும் அது பொய்யன்று. 2010இல் ஜப்பானியர் அனுப்பிய இகாரோஸ் என்னும் கலம் பதினான்கு மீட்டர் சதுரப் பாயை விரித்துச் சூரிய ஒளியின் அழுத்தத்தைக் கொண்டே வேகம் மாறிக் காட்டிற்று.

நம்மவர்க்கும் இது புதிதன்று. 1992இல் ஏவப்பட்ட இன்ஸாட்-2ஏ, நம் நாட்டிலேயே கட்டிய செயற்கைக்கோள். அதன் ஒரு புறத்தில் மட்டும் சூரியத் தகடுகள் இருந்தன. அவற்றின்மேல் படும் ஒளியின் அழுத்தம் கோளைத் திருகிவிடாதபடி, மறுபுறத்தில் நீண்ட கழியின் நுனியில் ஓர் ஒளிப்பாயைப் பொருத்தி ஈடுகட்டினார்கள். ஒளியின் அழுத்தம் ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதை இந்தியப் பொறியாளர் முப்பது வருஷத்துக்கு முன்னரே தம் கையால் அறிந்திருக்கிறார்கள்.

இனி, கணக்கு. ஸ்டார்ஷாட் கோரும் லேசரின் சக்தி 100 கிகாவாட், அதாவது ஒரு லட்சம் மெகாவாட். 2024ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் இந்தியா முழுவதும் ஒரே சமயத்தில் கேட்ட மின்சாரத்தின் உச்ச அளவு 2.5 லட்சம் மெகாவாட். அதில் ஐந்தில் இரண்டு பங்கை ஒரே ஒளிக்கற்றையாகத் திரட்ட வேண்டும்! இத்தனை பெரிய ஒளியும் ஒரு பாயின்மேல் முழுவதும் பட்டுத் திரும்பினால் தரும் தள்ளுவிசை, சுமார் 68 கிலோ எடைக்குச் சமம். ஒரு நடுத்தர மனிதனின் எடைதான். மகேந்திரகிரி எஞ்சினின் இருபது டன்னுக்கு முன் இது எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் தள்ளப்படும் பொருளோ பாயும் கருவியும் சேர்ந்து இரண்டு கிராம்! அந்த எடையை அந்த விசை மூன்றே நிமிஷத்தில் வினாடிக்கு 60,000 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய்விடும்.

மூன்று நிமிஷத்துக்கு ஆகும் மின்சாரம் 50 லட்சம் யூனிட். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் இரண்டரை மணி நேரத்தில் இதை உண்டாக்கிவிடும். வழியில் வீணாவதைக் கருதி அதுபோல் சில மடங்கு வைத்துக்கொண்டாலும், ஒரு நாள் மின்சாரத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே சக்தி இல்லை என்பது தடையன்று. அதைச் சேர்த்துவைத்து நொடியில் வாரி இறைப்பதே கடினம்.

மெய்யான தடைகள் வேறு. பாய் தன்மேல் விழும் ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கைத் தன்னுள் ஏற்றாலும், பத்து லட்சம் வாட் உஷ்ணம் அதில் இறங்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு ஏற்றாலோ பாய் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாய்விடும். இது முதல் தடை. வேகம் முழுவதும் ஏறுவதற்குள் பாய் ஐம்பது லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். சந்திரனின் தூரத்தைப் போல் சுமார் பதினான்கு மடங்கு தொலைவில், நாலு மீட்டர் அகலமே உள்ள பாயை விட்டு விலகாமல் ஒளிக்கற்றை நிற்க வேண்டும். அதுவும் அலைபாயும் வாயுமண்டலத்தைக் கடந்து. இது இரண்டாவது. வழியில் எதிர்ப்படும் தூசி ஒவ்வொன்றும் அந்த வேகத்தில் தோட்டாவாகும். இது மூன்றாவது. அங்கே போய் நிற்க வழியில்லை. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை நாற்பத்திரண்டு நிமிஷத்தில் கடந்து ஓடும் கலம், சில மணி நேரத்தில் பார்ப்பதைப் பார்த்துப் படம் எடுத்துவிட வேண்டும். பிறகு, சுமார் 41 லட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அந்தச் சிறு கருவி தரும் மங்கிய சைகையை நாம் இங்கே பிடிக்க வேண்டும். அதுவே எல்லாவற்றினும் கடினம் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆகவே நமது தீர்ப்பு இது. இயற்கை விதி எதுவும் இந்த யாத்திரையைத் தடை செய்யவில்லை; தடை செய்வது நமது கைத்திறனின் குறைவே. அக்குறை ஒரு தலைமுறையில் நீங்கலாம், இரண்டு தலைமுறையும் ஆகலாம். ஸ்டார்ஷாட் இன்னும் காகிதத்தையும் சோதனைச்சாலையையும் விட்டு வெளியே வந்துவிடவில்லை. ஆயினும் விதி தடுக்காத காரியத்தைச் செய்யத் துணிந்தவர் ஒரு நாள் செய்தே தீருவர். அந்த நாளில் நாம் எங்கே இருப்போம்?

“குடிக்கக் கூழில்லை, கொப்புளிக்கப் பன்னீரா?” என்று சிலர் கேட்பார்கள். கேட்கத்தக்க கேள்விதான். 2017ஆம் வருஷம் நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் குமரிக் கடலில் சீறியபோது ஆழ்கடலில் இருந்த மீனவர்க்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தம் ஆண்மக்களைப் பறிகொடுத்தன. வானத்தில் செயற்கைக்கோள்கள் இருந்தன. அவற்றின் சொல்லை நடுக்கடலில் கேட்கும் கருவிதான் வள்ளத்தில் இல்லை. 2019இல் ஜெமினி என்னும் கருவி வெளிவந்து, கரையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் மீனவருக்கும் செயற்கைக்கோள் மூலம் எச்சரிக்கை அனுப்ப வழி பிறந்தது. அந்தக் கருவி குமரிக் கடலில் செல்லும் ஒவ்வொரு படகிலும் இருக்கச் செய்வது சர்க்காரின் முதற்கடமை. நட்சத்திரம் அதற்குப் பிறகுதான். ஆனால் ஒக்கி கற்பித்த பாடம், விஞ்ஞானம் வேண்டாம் என்பதன்று. பாதியில் நின்ற விஞ்ஞானம் உயிர் காக்காது என்பதே அது. மங்கிய சைகையைத் தொலைவிலிருந்து பிடிக்கும் வித்தையும், கிராம் எடையில் கருவி செய்யும் வித்தையும் நட்சத்திரத்துக்கு மட்டுமா பயன்படும்? நடுக்கடலுக்கும் பயன்படும்.

வேறொரு பாடமும் உண்டு. அதை மகேந்திரகிரி கற்பித்தது. கிரையோஜெனிக் எஞ்சினின் தொழில்நுட்பத்தை ரஷ்யாவிடமிருந்து பெற 1991இல் ஒப்பந்தம் செய்தோம். 1992இல் அமெரிக்கா இஸ்ரோவின்மேல் தடை விதித்தது. 1993இல் ரஷ்யாவும் தொழில்நுட்பத்தைத் தர மறுத்துப் பின்வாங்கிற்று. எஞ்சினை விற்பார்களாம், செய்யும் வித்தையை மட்டும் சொல்லமாட்டார்களாம்! நாமே செய்ய முனைந்தோம். 2010இல் தோற்றோம், 2014ஆம் வருஷம் ஜனவரி 5ஆம் தேதி வென்றோம். பிறர் கதவைச் சாத்தியதால் நமக்கு நேர்ந்த தாமதம் இருபது வருஷம். ஒளிக்கலத்திலும் அதே கதை நடக்க வேண்டுமா?

நடக்கக்கூடும் என்று அஞ்சக் காரணம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் கர்நூலில் நமது ராணுவ ஆராய்ச்சித் துறையினர் முப்பது கிலோவாட் லேசரைக் கொண்டு ஆளில்லா விமானங்களை வீழ்த்திக் காட்டினர். ஸ்டார்ஷாட் லேசரின் சக்தி அதைப்போல் முப்பத்துமூன்று லட்சம் மடங்கு. நட்சத்திரத்தை நோக்கித் திருப்பினால் யாத்திரை. பிறர் நாட்டுச் செயற்கைக்கோளை நோக்கித் திருப்பினால் யுத்தம். விண்வெளி பற்றிய 1967ஆம் வருஷத்து உடன்படிக்கை, அணு ஆயுதங்களைச் சுற்றுப்பாதையில் வைக்கலாகாது என்கிறது. தரையில் நிறுவும் ஒளியெந்திரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இப்படிப்பட்ட எந்திரம் ஒரு தனவந்தர் கையிலோ ஒரே வல்லரசின் கையிலோ இருப்பதை உலகம் பொறுக்கலாகாது. பல தேசங்கள் கூடிக் கட்டி, கூடியே ஆளவேண்டிய எந்திரம் இது.

இடமும் அப்படியே சொல்கிறது. மே, ஜூன் மாத இரவுகளில் கன்யாகுமரியில் நின்று தெற்கே நோக்குபவர், தென்சிலுவைக்குக் கிழக்கே கடலுக்கு மேல் இருபது பாகை உயரத்தில் ஆல்பா சென்டாரியை நன்றாகக் காணலாம். டில்லியில் இருப்பவர்க்கு அது அடிவானத்தோடு ஒட்டி மறைந்துபோம். ஆனால் இருபது பாகை உயரம் காண்பதற்குப் போதும்; லேசர் செலுத்தப் போதாது. அதற்கு அந்த நட்சத்திரம் தலைக்கு மேல் வரும் தென்பூமியின் உயர்ந்த, வறண்ட மலை வேண்டும். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எழும் மாபெரும் ரேடியோ தொலைநோக்கித் திட்டத்தில் சேர இந்திய சர்க்கார் 2024 ஜனவரியில் 1,250 கோடி ரூபாய்க்கு அனுமதி அளித்தது. பிறர் மண்ணில் நிற்கும் காரியத்திலும் பங்காளியாகலாம் என்பதற்கு அது முன்னுதாரணம்.

பங்காளியாக உட்காருகிறவன் வெறுங்கையோடு உட்காரலாகாது. நம்முடைய ஒளிப்பாய் ஒன்று, சிறிதாயினும், விண்ணில் விரிய வேண்டும். இந்தூரிலுள்ள லேசர் ஆராய்ச்சி நிலையத்துக்கும் இஸ்ரோவுக்கும் இதற்கென்று ஒரு கூட்டு வேலை வகுக்கப்பட வேண்டும். இந்த லேசரின் ஆட்சியைப் பற்றிய உலகச் சட்டத்துக்கு இந்தியாவே முதல் நகலை முன்வைக்க வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று, வேண்டுவது முடிவு.

ஆள் இல்லையோ என்றால், இருக்கிறார்கள். 2018இல் இஸ்ரோவின் தலைமை ஏற்ற சிவன் சரக்கல்விளையில் பிறந்தவர். 2025 ஜனவரியில் அப்பொறுப்பேற்ற நாராயணன் மேலகாட்டுவிளையில் பிறந்தவர். இருவரும் இந்தச் சிறு ஜில்லாவின் கிராமங்களிலிருந்து, பள்ளியில் தமிழில் படித்துப் போனவர்கள். இன்று நாஞ்சில் நாட்டுப் பள்ளிகளில் படிக்கும் சிறுவர் சிறுமியருள் ஒருவர் தம் இருபத்தைந்தாம் வயதில் ஓர் ஒளிக்கலத்தை ஏவக்கூடுமானால், ஐம்பத்தொன்றாம் வயதில் அது அனுப்பும் படத்தைக் கண்ணால் காண்பார். ஓர் ஆயுளுக்குள் அடங்கும் யாத்திரை இது. அந்தப் படத்தை அவர் பங்காளியாகக் காண்பாரா, வேடிக்கை பார்ப்பவராகக் காண்பாரா என்பதை இன்று ஆட்சியிலுள்ளோரே தீர்மானிக்கிறார்கள். அவர்களை அவ்வாறு தீர்மானிக்கச் செய்ய வேண்டிய பொறுப்பு பொதுமக்களாகிய நம்முடையது.