இல்லமும் கல்வியும்: பருவத் தேர்வு முடிந்த பின்



கல்லூரிப் பருவத் தேர்வுகள் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும் நாட்கள் ஆண்டுக்கு இருமுறை வருகின்றன. திருப்பதி விடுதிகளில் பெட்டிகள் கட்டப்படுகின்றன. பாகாலை, சித்தூர் வழியாகக் காட்பாடி செல்லும் வண்டியிலும், ரேணிகுண்டா வழியாகச் சென்னை செல்லும் வண்டியிலும் மாணவர் கூட்டம் நிறைகிறது. வீட்டிலோ தாய் வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறாள். சுமையை இறக்கி வைத்த பிள்ளை சிரித்த முகத்துடன் வருவான் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறோம். வருகிறவனோ பல வேளைகளில் சோர்ந்து வருகிறான். கேட்டதற்கு ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு ஒரு மூலையில் படுத்துக் கொள்கிறான். "தேர்வுதான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன கவலை?" என்று நாம் வியக்கிறோம். சில வீடுகளில் அவ்வியப்பு சினமாகவும் மாறிவிடுகிறது. அது குறித்தே இத்திங்கள் சில சொல்ல விழைகிறோம்.

ஒரு பருவம் என்பது ஏறத்தாழ 90 கற்பிக்கும் நாட்கள் கொண்டது. அத்தனை நாட்களும் மாணவர் மனம் நாணேற்றிய வில்லைப் போல் இறுகி நிற்கிறது. செய்முறைப் பதிவேடு, வாய்மொழித் தேர்வு, நுழைவுச் சீட்டு, இரவுக் கண்விழிப்பு என ஒன்றன்பின் ஒன்றாக வேலை இருந்துகொண்டே இருக்கிறது. கடைசித் தாளை எழுதிக் கொடுத்த மறுகணம் நாண் அவிழ்ந்துவிடுகிறது. அப்போது தோன்றுவது மகிழ்ச்சி மட்டும் அன்று. படிக்காமல் விட்ட பாடத்தை நினைத்து வருத்தமும், முடிவு என்னவாகுமோ என்ற அச்சமும், வீட்டுச் சோற்றை நினைத்து ஆவலும், கடப்பையிலிருந்தோ கர்நூலிலிருந்தோ வந்து ஓர் அறையில் உடனிருந்த தோழனைப் பிரியும் துயரமும் ஒருங்கே எழுகின்றன. இவற்றுள் ஒன்று மெய், மற்றொன்று பொய் என்று பிரித்தல் இயலாது. எல்லாம் மெய்யே.

இப்பருவ முறை தேர்வுச் சுமையைப் பகிர்ந்தளிக்க வந்ததே ஆகும். 1948-49-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் கூறவேண்டுமாயின் அது தேர்வு முறையைப் பற்றியதாகவே இருக்கும் என்று கருத்துரைத்தது. ஆண்டு முழுதும் கற்றதை ஆண்டிறுதியில் ஒரே மூச்சில் எழுதும் முறை பின்னர்ப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாறியது. சுமை பகுக்கப்பட்டது உண்மை. ஆயினும் அச்சப்படும் வேளைகள் பெருகின என்பதும் உண்மை. மூன்றாண்டுப் பட்டத்திற்கு ஆறு முறை, பொறியியலுக்கு எட்டு முறை நம் பிள்ளைகள் இந்த ஏற்ற இறக்கத்தைக் கடக்கின்றனர்.

அந்த இராதாகிருஷ்ணன் நம் பக்கத்து மனிதரே. 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, பின்னர்ச் சென்னை மாநிலத்தோடு இணைந்த திருத்தணியில் 1888-இல் பிறந்தவர். இளமையில் திருப்பதியில் பயின்று, பிறகு வேலூருக்கும், அதன்பின் சென்னைக்கும் படிப்பைத் தேடிச் சென்றவர். வீட்டில் தெலுங்கும் ஊரில் தமிழும் கேட்டு வளர்ந்தவர். அவர் 1921-இல் மைசூரை விட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் அவரை மலர் அணிந்த வண்டியில் அமர்த்தித் தாங்களே புகைவண்டி நிலையம் வரை இழுத்துச் சென்றனர். ஆசிரியர் உயர்ந்த இடத்திற்குச் செல்கிறார் என்ற பெருமிதமும், தம்மை விட்டுச் செல்கிறார் என்ற வருத்தமும் அவ்வண்டியை இழுத்த கைகளில் சேர்ந்தே இருந்திருக்கும் அன்றோ? கல்விச்சாலையில் ஒன்று முடியும்போது மனம் இவ்வாறு இருபக்கமும் இழுபடுதல் இயல்பு.

நிற்க. குடிபெயர்ந்து வாழும் நம் குடும்பங்களில் இவ்வுணர்ச்சிகளோடு வேறு சிலவும் கலந்து விடுகின்றன. விடுதியில் நான்கு திங்கள் தெலுங்கிலேயே பேசிப் பழகிய பெண், வீட்டிற்கு வந்ததும் இரண்டொரு தெலுங்குச் சொற்களைத் தமிழோடு கலந்து பேசுகிறாள். பாட்டி நகைக்கிறாள், சிற்றப்பா, "தமிழ் மறந்து போயிற்றா?" என்கிறார். அந்தப் பெண்ணோ, வகுப்பில் தன் தெலுங்கில் தமிழ் ஓசை இருக்கிறதென்று கேலி கேட்டுவிட்டு வந்தவளாக இருக்கலாம். இரு பக்கமும் கேலி கேட்டால் பேசாதிருப்பதே நலம் என்று அவள் எண்ணிவிடுவாள். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் நிலத்தின் வடவெல்லையாகக் குறிக்கும் வேங்கட மலையின் அடியில் வாழும் நாம், இரு மொழி அறிந்த பிள்ளையைப் பாராட்டுதலே முறை.

தந்தையின் மனநிலையும் ஒருபடியாக இல்லை. மகன் ஒரு படி ஏறினான் என்ற நிறைவு ஒருபுறம். அடுத்த பருவக் கட்டணத்திற்கு என்ன செய்வது என்ற கணக்கு மறுபுறம். நகரியில் தறி ஓட்டுபவரும், சித்தூர் மாம்பழக் கூழ் ஆலைகளில் பருவகாலக் கூலி பெறுபவரும் இக்கணக்கை நன்கறிவர். பிள்ளையும் இதை அறிவான். தேறாத தாளை அவன் மறைப்பதற்கு, பெரும்பாலும் அச்சத்தைவிட இக்கணக்கே காரணமாகிறது. "அப்பா கட்டிய பணம் வீணாயிற்றே" என்று மருகி வாய் திறவாதிருப்பான். துணைத் தேர்வுக்குக் கட்டணம் செலுத்தும் நாள் அதற்குள் கடந்துவிடும்; ஒரு தாளின் தோல்வி ஓராண்டின் இழப்பாக வளரும்.

ஆதலின் பெற்றோருக்கு நாம் கூற விரும்புவன இவை. பிள்ளை வாசற்படி ஏறும்போதே "எப்படி எழுதினாய்?" என்று கேளாதீர்கள். இரண்டு நாள் உண்ணட்டும், உறங்கட்டும். பிறகு ஒரு மாலையில், "தேறாமற் போனாலும் சொல், சேர்ந்தே வழி காண்போம்" என்று ஒருமுறை தெளிவாகக் கூறுங்கள். அதனை மும்முறை கூறின் அதுவும் சுமையாகிவிடும். சோர்வு வாரக்கணக்கில் நீடித்து, உறக்கமும் உணவும் குன்றி, வாழ்வில் வெறுப்புத் தோன்றும் சொற்கள் வருமாயின் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுங்கள். 2022-இல் மைய அரசு தொடங்கிய மனநல உதவித் தொலைபேசி 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் இயங்குகிறது. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

இறுதிப் பருவம் முடித்தோர் வீடுகளில் மற்றொரு கேள்வியும் எழும்: இனி இங்கேயா, தமிழ்நாட்டிலா? உணர்ச்சி மேலிட்ட வாரத்தில் இதற்கு விடை காணாதீர்கள். ஆந்திரத்தில் 1974-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் வழியே, கல்லூரி இடங்களில் 85 விழுக்காடு அந்தந்த வட்டாரத்து மாணவர்க்கு ஒதுக்கப்படும் முறை ஏற்பட்டது. தகுதித் தேர்வுக்கு முன் தொடர்ந்து 4 ஆண்டுகள் அவ்வட்டாரத்தில் பயின்றமை அதற்குரிய முக்கியச் சான்றாகும். இளைய பிள்ளைகளை இடையில் ஊர் மாற்றுமுன் இதனையும், அங்குள்ள விதிகளையும் கேட்டறிந்து முடிவு செய்க. பள்ளிச் சான்றுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மாணவத் தம்பியரே, தங்கையரே, உங்களுக்கும் ஒரு சொல். விடுமுறை தொடங்கிய முதல் வாரத்திலேயே விடுதித் தோழர்க்கு ஒரு கடிதமோ தொலைபேசிச் செய்தியோ அனுப்புங்கள். தேறிய தாளைச் சொல்வது போலவே தேறாத தாளையும் வீட்டில் சொல்லுங்கள். உங்கள் தந்தைக்கு அது வருத்தம் தரும். ஆனால் நீங்கள் தனியே மருகினீர்கள் என்று பின்னர் அறிவது அதனினும் பெரிய வருத்தம் தரும்.

எல்லோரும் நலமே தேறி, அடுத்த பருவத்தைப் புதிய ஊக்கத்துடன் தொடங்க வாழ்த்துகிறோம்.