வேடத்தைப் பாராதீர், செயலைப் பாருங்கள்!

பாட்டி கதைதானே என்று அலட்சியமாக ஒதுக்குவோர் உண்டு. அது தவறு. படிப்பு மறுக்கப்பட்ட மக்கள் தங்கள் அறிவைச் சேமித்து வைத்த களஞ்சியம் கதை.

ருஷ்ய விவசாயிகள் வாய்மொழியாகக் காத்து வந்த கதைகளை அபனாசியெவ் என்பவர் தொகுத்து 1855 முதல் வெளியிட்டார். அவற்றில் 100 மாயக் கதைகளை எடுத்துப் பிரித்து ஆராய்ந்தார் லெனின்கிராட் அறிஞர் விளாதிமிர் புரோப். அவரது நூல் 1928-ல் வெளிவந்தது.

அவர் கண்டது என்ன? ஒரு கதையில் ஜார் மன்னன் வீரனுக்குக் கழுகு கொடுக்கிறான். இன்னொன்றில் கிழவன் குதிரை கொடுக்கிறான். மற்றொன்றில் மந்திரவாதி படகு கொடுக்கிறான். கழுகும் குதிரையும் படகும் வீரனை வேற்று நாட்டில் கொண்டு சேர்க்கின்றன. ஆள் மாறுகிறான், பொருள் மாறுகிறது, செயல் ஒன்றே! இப்படிச் செயல்கள் 31, பாத்திரங்கள் 7 என்று வகுத்தார் புரோப். கொடியவன், கொடையாளி, துணைவன், தேடப்படும் இளவரசியும் அவள் தந்தையும், அனுப்பி வைப்பவன், வீரன், போலி வீரன் – இவையே அந்த ஏழு.

பாத்திரத்தை நிர்ணயிப்பது பிறப்போ பட்டமோ அல்ல. பாபா யாகா என்ற காட்டுக் கிழவி ஒரு கதையில் பிள்ளைகளைத் தூக்கிச் செல்கிறாள். வேறொரு கதையில் வீரனுக்குக் குதிரை தருகிறாள். அங்கே அவள் கொடியவள், இங்கே கொடையாளி. செய்த காரியமே அளவுகோல்.

ஏழு பேரில் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியவன் போலி வீரன். பல தலைப் பாம்பரக்கனோடு ஒருவன் உயிரைப் பணயம் வைத்துப் போராடுகிறான். "கொன்றவன் நானே!" என்று அரண்மனையில் வந்து நிற்கிறான் இன்னொருவன், சில கதைகளில் அவன் ஒரு தளபதி! ஆனால் வெட்டுண்ட தலைகளைத் தூக்கிக் காட்டச் சொன்னால் அவனால் முடிவதில்லை. உண்மை வீரனையோ போரில் பட்ட காயத்தின் வடு காட்டிக் கொடுக்கிறது. பிறர் உழைப்பைத் தனதென்று சொல்பவனை எப்படிச் சோதிப்பது என்பதை எழுத்தறியாத மக்கள் எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்!

"இது வெறும் எலும்புக்கூடு, மக்களின் வாழ்வு எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வியே. அக்கதைகளின் வேர்களைப் பண்டைய மக்களின் சடங்குகளிலும் வாழ்க்கை முறையிலும் தேடி, புரோப் 1946-ல் மற்றொரு நூலை வெளியிட்டார். எலும்பை அறிந்தால்தான் உடலை அறிய முடியும்.

ஆகவே, இனி கூத்துப் பார்த்தாலும் சினிமா பார்த்தாலும் நாற்காலியில் அமர்ந்திருப்பவன் யார் என்று மட்டும் பார்க்காதீர்கள். வேலையைச் செய்தவன் யார், வடு யார் உடம்பில் இருக்கிறது என்று கேளுங்கள். கதை புரியும், கதைக்கு வெளியேயும் பல விஷயங்கள் புரியும்.