பில்லில் தரத்தை எழுதுவோம்

பிளைவுட், ஹார்டுவேர் கடை நடத்தும் நம் அன்பர்களிடம் இப்போது ஒரு புதுவகை வாடிக்கையாளர் வருகிறார். உடன் ஆசாரி வருவதில்லை. தானே வரைந்த படமும் அளவு டேப்பும் கையில் இருக்கும். வீட்டு மூலையில் 42 அங்குல உயரத்தில் பார் கவுண்டர், பின்னால் பாட்டில் அடுக்க மூன்று தட்டு, கிளாஸ் கழுவ ஒரு சிறு தொட்டி. விடுமுறை நாட்களில் தானே செய்யப் போகிறாராம். மதுவைப் பற்றி நமக்குள் பல கருத்துகள் இருக்கலாம். நாம் விற்பது பலகை. அதைச் சரியாக விற்கிறோமா என்பதே கேள்வி.

“தண்ணீருக்குத் தாங்குமா?” என்று அவர் கேட்கிறார். சரக்கு நகர்ந்தால் போதும் என்று நம்மில் சிலர் கமர்ஷியல் பலகையைக் காட்டி, “வாட்டர் ப்ரூஃப்தான் சார்” என்று சொல்லிவிடுகிறோம். இது தவறு. கமர்ஷியல் எனப்படும் ஐ.எஸ். 303 எம்.ஆர். ரகம் காற்றின் ஈரத்தைத் தாங்கும். தேங்கும் நீரைத் தாங்காது. தொட்டியைச் சுற்றியும், ஐஸ் பெட்டி வைக்கும் இடத்திலும் ஐ.எஸ். 710 மரைன் பலகைதான் வேண்டும். அதன் ஒட்டு 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டிய ஒன்று. பாட்டில் தட்டுகளுக்குக் கமர்ஷியலே போதும். தட்டு தொய்யாதபடி இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல் கொடுக்கச் சொன்னால் சரி. இப்படிப் பிரித்துச் சொன்னால் அவருக்குச் செலவும் அடங்கும்.

நாம் அறிந்த ஒரு கடையில் இப்படித்தான் வாய்ச்சொல்லை நம்பி வாங்கிச் சென்றார் ஒருவர். மழைக்காலம் முடிவதற்குள் தொட்டியருகே விளிம்பு உப்பி, பலகை ஏடு ஏடாகப் பிரிந்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. அதன்பின் அந்தக் கடைக்கே வரவில்லை. ஆசாரி தேர்ந்தெடுத்த பலகை என்றால் பழி பாதி அவருக்குப் போகும். தானே செய்பவருக்கு நம் சொல்லைத் தவிர வேறு துணை ஏது?

“விலை கூடச் சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே” என்று சிலர் கேட்கலாம். அதனால்தான் எல்லோரும் சேர்ந்து செய்வோம் என்கிறோம். பில்லில் “பிளைவுட் 19 எம்.எம்.” என்று மட்டும் எழுதுவதை விடுவோம். கம்பெனி பெயர், ரகம், ஐ.எஸ். எண் மூன்றையும் எழுதுவோம். பலகையில் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரையை வாடிக்கையாளருக்கே காட்டுவோம். எழுதிக் கொடுக்கத் துணியாத சொல்லை வாயாலும் சொல்ல வேண்டாம். நாணயமே நம் முதல்!