பொம்மைக்கு இருக்கும் பொறுமை

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது: அச்சிலிருந்து எடுத்த பொம்மையை ஈரம் காயாமல் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். எலும்பும் அப்படித்தான், அவசரம் தாங்காது.

கால் உடைந்தால் டாக்டர் டைட்டானியம் அல்லது ஸ்டீல் தகடு வைத்து ஸ்குரூ போடுகிறார். முதல் நாள் அது மரத்தில் இறங்கிய திருகு போலத்தான் பிடித்து நிற்கிறது. பிறகு அதைச் சுற்றி அடிபட்ட எலும்பு கரைந்து புது எலும்பு வளர வேண்டும். பழையது கரைந்து, புதியது இன்னும் முற்றாத அந்தச் சில வாரங்களில்தான் பிடிப்பு குறைவு. அப்போது அசைவு அதிகமானால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளரும். ஸ்குரூ தளர்ந்துவிடும்.

2017-ல் மத்திய அரசு முழங்கால் செயற்கை மூட்டின் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. நல்லதுதான். ஆனால் ஓய்வுக்கு விலை கொடுப்பது யார்? வேலையில் அடிபட்டால் இஎஸ்ஐ-யில் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். 10 பேருக்குக் குறைவான பட்டறைகளுக்கோ பொதுவாக அது கட்டாயமில்லை. தினக்கூலிக்காரர் என்ன செய்வார்? டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே காலை ஊன்றிவிடுவார்.

சிறு பட்டறைகளுக்கும் இஎஸ்ஐ-யைக் கட்டாயமாக்க வேண்டும். பொம்மை காயக் காத்திருக்கிறோம். அதைச் செய்பவரின் எலும்பு கூடக் காத்திருக்கக் கூடாதா?