தீர்ப்பு ஊருக்குப் பொது... அப்புறம் சந்தா எதற்கு?

வக்கீல் சேம்பருக்குச் சட்ட ஆராய்ச்சி சாஃப்ட்வேர் விற்க வருகிறவர் முதலில் சொல்வது ஒரு எண்ணிக்கை. "எங்ககிட்ட இத்தனை லட்சம் ஜட்ஜ்மென்ட் இருக்கு சார்!" அடுத்த வாரம் வேறு கம்பெனிக்காரர் வருவார். அவருடைய லட்சம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். சீனியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஜூனியரைப் பார்ப்பார், ஜூனியர் தலையாட்டுவார், செக் எழுதப்படும். துவரம் பருப்பு வாங்கும்போதுகூட ரெண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்க்கிற ஊர் இது. வருடா வருடம் கட்டவேண்டிய சந்தாவுக்கு மட்டும் எண்ணிக்கையைக் கேட்டதுமே கையெழுத்து!

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த எண்ணிக்கைதான் காசு கொடுத்து வாங்கத் தேவையே இல்லாத சரக்கு.

தீர்ப்பு எழுதிய நீதிபதிக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது, அதாவது வரி கட்டுகிறவர்கள் கொடுக்கிறார்கள். நீதிமன்றமே தடை விதித்திருந்தால் ஒழிய, தீர்ப்பை மறுபதிப்பு செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. ஆனாலும் இது உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் தெளிவாயிற்று. 1969 முதல் 'சுப்ரீம் கோர்ட் கேஸஸ்' வெளியிட்டு வரும் லக்னோவின் ஈஸ்டர்ன் புக் கம்பெனி, 'கிராண்ட் ஜூரிக்ஸ்', 'தி லாஸ்' என்ற இரண்டு சிடி-ராம்களை வெளியிட்டவர்கள் மேல் வழக்குப் போட்டது. தாங்கள் பிழை திருத்தி, ஒழுங்குபடுத்தி அச்சிட்ட தீர்ப்புகளை அவர்கள் எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்பது புகார். 2007 டிசம்பரில் வந்த தீர்ப்பு (டி.பி. மோடக் வழக்கு என்பார்கள்) ஒரு கோடு கிழித்தது. தீர்ப்பின் வாசகம் பொதுச் சொத்து. எழுத்துப் பிழை திருத்தியதற்கெல்லாம் உரிமை கிடையாது. ஆனால் பத்தி பிரித்து எண் கொடுத்தது, எந்த நீதிபதி உடன்பட்டார், எவர் மாறுபட்டார் என்று குறித்தது போன்ற, அறிவைச் செலவழித்துச் செய்த வேலைகளுக்குப் பாதுகாப்பு உண்டு.

பதிப்புரிமைக்காகப் போட்ட கோடுதான். ஆனால் சாஃப்ட்வேர் வாங்குகிற வக்கீல் தன் பணப்பைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய கோடும் இதேதான். வாசகத்துக்குக் காசு கிடையாது. அதன்மேல் ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலைக்குக் காசு கொடுக்கலாம்.

வாசகம் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. 2008 ஜனவரியில் சுஷாந்த் சின்ஹா 'இந்தியன் கானூன்' தளத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர், வக்கீல் அல்ல (வக்கீல்களுக்கு அப்படி ஒன்று தேவை என்று வக்கீல் அல்லாதவருக்குத் தோன்றியிருக்கிறது!). பிறகு 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தன் அதிகாரபூர்வ தொகுப்பை 'இ-எஸ்.சி.ஆர்.' என்ற பெயரில் சுமார் 34,000 தீர்ப்புகளோடு இலவசமாகத் திறந்துவிட்டது. ஹெட்நோட்டும் சேர்த்து! அதே வருடம் தீர்ப்புகளுக்கு எந்தப் பதிப்பாளரையும் சாராத பொதுவான சைட்டேஷன் எண்ணும் வந்தது. "இந்தப் புத்தகத்தின் பக்க எண் இல்லாமல் கோர்ட்டில் பேசவே முடியாது" என்ற பழைய பயத்துக்கும் பாதி உயிர் போயிற்று.

அப்படியானால் சந்தாவே வீண், எல்லாம் ஓசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கோஷ்டி சொல்லும். அதுவும் தப்பு. அது ஏன் தப்பு என்பதற்கு செக் பவுன்ஸ் சட்டத்தை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. லூதியானா வியாபாரிக்குச் சரக்கு அனுப்புகிறது, அவர் கொடுத்த செக் திரும்பி வருகிறது. வழக்கை எந்த ஊரில் போடுவது? சின்னக் கேள்விதான். ஆனால் பாக்கித் தொகை ரெண்டு லட்சம் என்றால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் லூதியானா போய்வந்தால் அந்த ரெண்டு லட்சத்தில் என்ன மிஞ்சும்? 1999-ல் கே. பாஸ்கரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து செயல்களைச் சொன்னது: செக் எழுதியது, பாங்கில் போட்டது, திரும்பியது, நோட்டீஸ் கொடுத்தது, பணம் கட்டத் தவறியது. இதில் எது நடந்த ஊரிலும் வழக்குப் போடலாம் என்றது. திருப்பூர்க்காரருக்குக் கொண்டாட்டம். 2014 ஆகஸ்ட் 1-ல் தஷரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. செக்கைத் திருப்பி அனுப்பிய பாங்க் கிளை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வழக்கு. சாட்சிப் பதிவு தொடங்கியிராத புகார்களைத் திருப்பிக் கொடுக்கவும் சொன்னது. திருப்பூர் வழக்கு லூதியானாவுக்கு ரயில் ஏறியது. அதோடு முடிந்ததா? 2015-ல் அவசரச் சட்டம், பின் திருத்தச் சட்டம். செக்கை அக்கவுன்ட்டில் போட்டு வசூலுக்கு அனுப்பினால், பணம் வாங்கவேண்டியவரின் கணக்கு இருக்கும் கிளை எந்த ஊரோ அந்த ஊர் என்று ஆனது. வழக்கு திரும்பவும் திருப்பூர்!

இப்போது ஒரு ஜூனியர் இலவசத் தளத்தில் தேடுகிறார். 1999 தீர்ப்பும் வரும், 2014 தீர்ப்பும் வரும். இரண்டும் உச்ச நீதிமன்றம், இரண்டுமே கம்பீரமான ஆங்கிலம். பின்னாளில் இதை மேற்கோள் காட்டிய தீர்ப்புகளின் பட்டியலும் கிடைக்கும், ஆனால் அந்த நீளமான பட்டியலைத் திறந்து படிக்க வேண்டியது அவர் பொறுப்பு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2014 தீர்ப்பை எந்த நீதிமன்றமும் கவிழ்க்கவில்லை, நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. தீர்ப்புக்கும் தீர்ப்புக்கும் மட்டும் முடிச்சுப் போடுகிற எந்தக் கருவியும், காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இந்த இடத்தில் கோட்டை விட்டுவிடும். "இது இன்று செல்லுமா, சட்டம் பின்னால் மாறியிருக்கிறதா?" என்று ஒரு மனிதர் பார்த்து எழுதி வைத்த குறிப்புக்குத்தான் சந்தா. அது இல்லாத சாஃப்ட்வேர் பத்து லட்சம் தீர்ப்பு வைத்திருந்தாலும் பழைய பேப்பர் கடைதான்.

கணக்கையும் பார்த்துவிட வேண்டும். சென்னையில் கம்பெனிகளுக்கு ஆஜராகும் பெரிய அலுவலகத்தில் ஒரு மணி நேரம் மிச்சமானாலே சந்தாவில் பாதி வந்துவிடும். அவர்கள் மூன்று கூட வாங்கிக்கொள்ளட்டும், யார் கேட்டது. திண்டுக்கல்லிலோ தென்காசியிலோ வாடகை வழக்கும் பாகப்பிரிவினையும் நடத்துகிற சேம்பருக்கு அதே பேக்கேஜை விற்பதுதான் அநியாயம். அங்கே 20 ஹைகோர்ட்டுகளின் தீர்ப்பு, வெளிநாட்டுத் தீர்ப்பு, ஆங்கிலக் கட்டுரைகள் என்று அடுக்கிக் கொடுத்தால் யார் படிப்பது? 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தரவேண்டும் என்றது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000. அதைக் கொடுக்க முடியாது என்று முணுமுணுக்கிற சீனியர்கள் சிலர், திறந்தே பார்க்காத பேக்கேஜுக்கு முணுமுணுக்காமல் கட்டுகிறார்கள். சாஃப்ட்வேர் இருக்கிறது என்று காட்டுவது ஒரு அந்தஸ்து ஆகிவிட்டது. ஒரு காலத்தில் ஏ.ஐ.ஆர். தொகுதிகளைச் சுவர் முழுக்க அடுக்கி வைத்தார்களே, அதைப் போல. (அந்தத் தொகுதிகளையாவது கட்சிக்காரர் பார்த்துப் பிரமிப்பார்!)

போதாக்குறைக்கு இப்போது ஏ.ஐ. வந்துவிட்டது. கேள்வி கேட்டால் பதிலும் சைட்டேஷனும் கொட்டும். 2023-ல் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளைத் தாக்கல் செய்த நியூயார்க் வக்கீல்களுக்கு அங்கே நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவு ஒன்றில் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்று, அந்த உத்தரவே சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. அதுவும் ஏ.ஐ. கைவரிசை என்றுதான் பேசப்பட்டது. ஏ.ஐ. வேண்டவே வேண்டாம் என்பதில்லை. அது காட்டுகிற ஒவ்வொரு தீர்ப்பையும் ஒரே கிளிக்கில் மூல வாசகத்தோடு திறந்து காட்டாத கருவி சேம்பருக்குள் நுழையக்கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே விற்பனையாளர் லேப்டாப்பைத் திறந்ததும் அவரை டைப் செய்ய விடக்கூடாது. அவர் ஏற்கனவே பழகிவைத்த தேடல் அழகாகத்தான் வரும். ஜூனியரே உட்கார்ந்து '482' என்று அடிக்கட்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கிற மனு. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன்! பழைய 482 அங்கே 528 ஆகிவிட்டது. இரண்டையும் பிரித்துக் காட்டுகிறதா, குழப்பிக் கொட்டுகிறதா என்பது ரெண்டு நிமிடத்தில் தெரியும். அடுத்து அந்த தஷரத் தீர்ப்பைத் திறந்து, 2015 திருத்தம் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பார்க்கட்டும். அப்புறம் போன மாதம் மதுரைக் கிளையில் அந்தச் சேம்பரே வாங்கிய ஒரு உத்தரவைத் தேடட்டும். சந்தா முடிந்த மறுநாள், சேமித்து வைத்த குறிப்புகளும் தீர்ப்புகளும் கையில் இருக்குமா, பூட்டப்படுமா என்பதை எழுத்தில் கேட்கட்டும். இவ்வளவுக்கும் பதில் சொன்ன பிறகு, எத்தனை லட்சம் தீர்ப்பு இருக்கிறது என்று அவர் தாராளமாகச் சொல்லலாம்.