பிறின்ரரைக் கணனி கண்டுகொள்ளவில்லையா?



இம்முறை நாங்கள் எடுத்துக்கொண்ட விடயம் பிறின்ரர். ஊரில் எங்களில் பலரது வீடுகளில் இல்லாத சாமான். கனடாவுக்கு வந்து சில மாதங்களிலேயே தேவைப்பட்டுவிடுகிறது. சட்டத்தரணி கேட்கும் பத்திரம், பிள்ளையின் பள்ளிக்கூடப் படிவம், வேலை விண்ணப்பம் என்று ஏதாவது ஒன்றைத் தாளில் எடுக்கவேண்டி வரும். யாராவது தந்த பழையதையோ மலிவாக வாங்கிய புதியதையோ கொண்டுவந்து யூ.எஸ்.பி. வயரைச் செருகுகிறோம். கணனி அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்வதில்லை.

உடனே "பழுது" என்று குப்பைக்குள் வைக்கவேண்டாம். தொழிற்சாலையில் மெசின் நின்றால் நாங்கள் எடுத்தவுடன் கழற்றுவதில்லை. கரண்ட் வருகிறதா, வயர் சரியா என்று வெளியே பார்த்துவிட்டுத்தான் உள்ளே கைவைப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பிழை என்று தெரியாமலே போய்விடும். இங்கேயும் அதே முறைதான்.

1. பிறின்ரர்: கொப்பி எடுக்கும் வசதி இருந்தால், கண்ணாடியில் ஒரு தாளை வைத்துக் கணனி இல்லாமலே கொப்பி எடுத்துப் பாருங்கள். நன்றாக வந்தால் பிறின்ரரின் அச்சடிக்கும் பகுதியில் பிழையில்லை. கோளாறு வேறிடத்தில்.

2. வயர்: தட்டையான முனை கணனிக்கு, சதுரமான முனை பிறின்ரருக்கு. புதுப் பெட்டிகள் பலவற்றில் இந்த வயர் வராது, தனியே வாங்கவேண்டும். பிறின்ரரின் பின்புறத்தில் நெற்வேர்க் வயருக்கும் ஒரு துவாரம் இருக்கலாம். சதுர முனை அதற்குள்ளும் போய் இருந்துவிடும், கவனம். சிலவற்றில் யூ.எஸ்.பி. துவாரத்தை ஒரு ஸ்ரிக்கர் மூடியிருக்கும். வயர் 5 மீற்றருக்கு மேல் நீளம் வேண்டாம். பல துவாரமுள்ள பெட்டி ஒன்றை நடுவில் வைக்காமல் நேராகக் கணனியில் செருகுங்கள். முடிந்தால் வேறொரு வயரை இரவல் வாங்கிப் பாருங்கள்.

3. கணனியின் துவாரம்: அதே துவாரத்தில் யூ.எஸ்.பி. மௌஸ் ஒன்றைச் செருகுங்கள். மௌஸ் வேலைசெய்தால் துவாரம் நல்லது. இல்லாவிட்டால் அடுத்த துவாரத்துக்கு மாறுங்கள்.

4. டிறைவர்: பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். விசாரணையில் எங்களுக்கும் அதிகாரிக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் இருப்பதுபோல, கணனிக்கும் பிறின்ரருக்கும் நடுவில் இருக்கும் சொவ்ற்வெயர்தான் டிறைவர். அது இல்லாவிட்டால் ஒன்று சொல்வது மற்றதற்கு விளங்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வின்டோஸ் கணனியில் ஸ்ரார்ட் பொத்தானின் மேல் மௌசின் வலது பக்கத்தை அழுத்தி, 'டிவைஸ் மனேஜர்' என்பதைத் திறவுங்கள். அதைப் பார்த்துக்கொண்டே பிறின்ரர் வயரைச் செருகுங்கள். பட்டியலில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் மீண்டும் வயரையும் துவாரத்தையும் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி வந்தால் பெரும்பாலும் டிறைவர்தான் பிழை.

அப்படியானால் வயரைக் கழற்றுங்கள். வின்டோஸ் 11 இல் 'செற்றிங்ஸ்', 'புளூரூத் அன்ட் டிவைசஸ்', 'பிறின்ரேர்ஸ் அன்ட் ஸ்கானர்ஸ்' என்று போய், அந்தப் பிறின்ரரின் பெயர் அங்கே இருந்தால் 'றிமூவ்' செய்து, கணனியை நிறுத்தித் திரும்பப் போடுங்கள். பிறகு பிறின்ரர் செய்த கம்பனியின் சொந்த இணையத்தளத்துக்குப் போய், உங்கள் மொடல் இலக்கத்துக்கு உரிய டிறைவரை இறக்குங்கள். பல டிறைவர்கள் "இப்போது வயரைச் செருகு" என்று தாங்களே சொல்லும். அதுவரை செருகாதீர்கள்.

பழைய பிறின்ரர் வாங்குமுன் அதற்கு வின்டோஸ் 11 டிறைவர் இருக்கிறதா என்று பாருங்கள். வின்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டது.

இனி முக்கியமான விடயம். இன்ரநெற்றில் "பிறின்ரர் உதவி" என்று தேடினால் ரெலிபோன் இலக்கங்கள் வரிசையாக வரும். கம்பனியின் பெயரைப் போட்டிருந்தாலும் பல போலியானவை. எடுத்தவுடன் அன்பாகப் பேசுவார்கள். ஒரு சொவ்ற்வெயரைப் போடச்சொல்லி, தூரத்தில் இருந்தே உங்கள் கணனிக்குள் நுழைவார்கள். "வைரஸ் இருக்கிறது" என்று பயமுறுத்திக் காசும் கேட்பார்கள்.

காசு போனால் உழைக்கலாம். எங்கள் கணனிக்குள் இருப்பது காசு மட்டுமா? வழக்குக்கு எழுதிக்கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. அதில் ஊரில் இன்னும் இருக்கும் உறவினரின் பெயர்களும் விலாசங்களும் இருக்கின்றன. அதை முகம் தெரியாதவனுக்குத் திறந்துவிடக்கூடாது. யாராவது அப்படி ஏமாந்திருந்தால் வெட்கப்படவேண்டாம். இன்ரநெற் தொடர்பைத் துண்டித்து, வங்கிக்கு அறிவித்து, சட்டத்தரணிக்கும் சொல்லுங்கள். கனடிய மோசடித் தடுப்பு நிலையத்திடமும் முறையிடலாம். இலக்கம் 1-888-495-8501.

நாளைக்குள் பத்திரம் கொடுக்கவேண்டும், பிறின்ரர் இன்னும் சரிவரவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்டி இரவைக் கழிக்காதீர்கள். மெமறி ஸ்ரிக்கில் பிரதி எடுத்துக்கொண்டு பொது நூலகத்துக்குப் போங்கள். ரொறன்ரோ பொது நூலகத்தின் கிளைகளில் காசு கட்டிப் பிறின்ற் எடுக்கலாம். வேலை முடிந்ததும் அந்தக் கணனியில் உங்கள் பத்திரம் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்ரிக்கையும் மறக்காமல் கையோடு எடுத்து வாருங்கள்.

இந்தப் பக்கத்தை வெட்டிக் கணனிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். புதிதாக வந்த அயல்வீட்டாருக்கும் சொல்லிக்கொடுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.