பெத்த உடம்புன்னா அப்படித்தானா?

இருமினால் சிறுநீர் கசிகிறது, கருப்பை இறங்கி அடி தள்ளுகிறது என்று தென்காசிப் பக்கம் ஒரு பெண் வாய் திறந்தால் மாமியாரும் மதினியும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "பிள்ளை பெத்த உடம்புன்னா அப்படித்தான் இருக்கும்." ஆறுதலாகச் சொல்லப்படும் இந்தப் பேச்சு பொய். தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் வாயை அடைத்து வைத்திருக்கும் பொய்.

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் இடுப்புக்கு அடியில் தசைகள் தாங்கி நிற்கின்றன. பிரசவத்தில் அவை இழுபட்டுத் தளர்கின்றன. முறையான பயிற்சியால் அவற்றைத் திரும்ப வலுப்படுத்தலாம் என்று ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948லேயே எழுதிவிட்டார். இன்னும் நாம் விதியை நொந்துகொண்டிருக்கிறோம்.

பிரசவத்தோடு பாடு முடிவதில்லை. கடையம், ஆலங்குளம் ஊர்களில் மடியில் சுளகோடு பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். புகையிலைத் தூசியால் இருமல்; ஒவ்வொரு இருமலும் அந்தத் தசைகளைக் கீழே அழுத்துகிறது. எழுந்தால் எண்ணிக்கை குறையும் என்று சிறுநீரை அடக்குகிறார்கள், தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். விளைவு மலச்சிக்கல், முக்க முக்கத் தசை இன்னும் தளர்கிறது. குற்றாலத்தில் சாரல் விழுந்து வீடே அருவிக்குக் கிளம்பும்போது, "நான் வீட்டைப் பார்த்துக்கிடுதேன்" என்று ஒருத்தி பின்தங்குவாள். சேலை நனைந்துவிடுமோ என்ற பயத்தில் பஸ் ஏறவே தயங்குகிறவள் அவள் என்று யாருக்கும் தெரியாது.

கருப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பதும் இதே பொய்யின் இன்னொரு முகம். தளர்ந்த தசை அதனால் வலுப்பெறாது. சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைதான். பலருக்குப் பயிற்சியோ, கருப்பையைத் தாங்க மருத்துவர் பொருத்தும் வளையமோ போதும்.

மருத்துவரிடம் சொல்லக் கூசுகிற பெண், மருத்துவமனையில் துணி மாற்றிவிட வரும் உதவியாளரிடம் சொல்லிவிடுகிறாள். அந்த உதவியாளரை நாம் துடைக்கவும் தூக்கவும் மட்டுமே வைத்திருக்கிறோம். இங்கிலாந்தில் இடுப்புத்தசைச் சிகிச்சைப் பிரிவுகளில் பிசியோதெரபிஸ்டுக்குத் துணையாக உதவியாளர்கள் இருக்கிறார்கள். நம் உதவியாளர்களும் எப்போது கசிந்தது என்று குறிப்பெழுத உதவலாம், பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கலாம், விடாமல் செய்கிறாளா என்று விசாரிக்கலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை அழுத்துவதே பயிற்சி என்று பலர் நினைப்பதால், அருகில் இருந்து திருத்த ஆள் வேண்டும். குறைந்தது மூன்று மாதம் தினமும் செய்தால்தான் பலன் தெரியும்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரையோடு தன்னார்வலர் வாசலுக்கே வருகிறார். "இருமும்போது கசியுதா, அக்கா?" என்ற ஒரு கேள்வியையும் அவருக்குப் பயிற்சியோடு கொடுங்கள். கேட்கப்படுகிற பெண்கள், தயவுசெய்து மறைக்காதீர்கள். தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் முதலில் அங்கிருக்கும் செவிலியரிடம் சொல்லுங்கள்.